பௌத்தமும் கிழக்காசியச் சமயங்களும்: ஒரு சனிக்கிழமைப் பாடநெறி பற்றிய மதிப்புரை

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பாடநூலில் வரும் மணிமேகலைப் பகுதிகளை ஆண்டுதோறும் நடத்தியிருக்கிறேன். ஆபுத்திரன் கைக்கு அமுதசுரபி வந்த கதையைச் சொல்லி முடித்ததும், "பௌத்தர்கள் எல்லாரும் இப்போது எங்கே ஐயா?" என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். சீனாவிலும் ஜப்பானிலும் இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த செய்யுளுக்குப் போய்விடுவேன். அங்கே பௌத்தம் என்னவாக இருக்கிறது என்று அதற்கு மேல் கேட்டிருந்தால் சொல்ல என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. ஆகவே, எல்லைப்புறத்துக் கல்லூரி ஒன்று பௌத்தத்தையும் கிழக்காசியச் சமயங்களையும் பற்றிய சான்றிதழ்ப் பாடநெறியை வெளியாருக்கும் திறந்துவிடுகிறது என்று கேள்விப்பட்டவுடன் சேர்ந்துவிட்டேன். சனிக்கிழமைதோறும் மூன்று மணி நேரம், பன்னிரண்டு வாரம், கட்டணம் 4,000 ரூபாய். இதே பாடத்தை அக்கல்லூரியின் முதுகலை மாணவர்களும் எடுத்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே வகுப்பு, ஒரே வாசிப்பு, ஒரே அளவுகோல். சேர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் என் அனுபவத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் வகுப்பில் ஆசிரியர் புத்தர் பிறந்த கதையைத் தொடங்குவார் என்று எதிர்பார்த்தோம். அவர் மூன்று படங்களைத் திரையில் காட்டினார். நாகப்பட்டினத்தில் கிடைத்த சோழர் காலத்துப் புத்தர் செப்புத் திருமேனி ஒன்று. கொரியாவின் ஹேயின்சா மடத்தில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும், பௌத்த நூல்களின் மர அச்சுப் பலகைகள். ஒரு ஜப்பானிய வீட்டின் உள்ளறையில், இறந்தவர்களின் பெயர் எழுதிய சிறு பலகைகளோடு இருக்கும் வீட்டுப் பூசை மாடம். இந்த மூன்றுக்கும் முன்னால் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்று மட்டும் ஊகித்து எழுதச் சொன்னார். என்ன நம்புகிறார்கள் என்று எழுதக் கூடாது. வகுப்பில் இருந்த பாதிப் பேருக்கு அது எரிச்சலைத் தந்தது. எனக்கும் அன்று அதன் நோக்கம் விளங்கவில்லை. நான்காவது வாரம் அளவில்தான் விளங்கியது. நம்மூர்ப் பாடநூல்களில் பௌத்தம் என்றால் நான்கு உண்மைகள், எட்டு வழிகள், நான்கு பௌத்த மாநாடுகள் என்று எண்ணிக்கைப் பட்டியலாகவே வந்து நிற்கும். சமயத்தை அதன் கொள்கைச் சுருக்கமாகப் பார்க்கும் அந்தப் பழக்கத்தை உடைப்பதுதான் இந்தப் பாடநெறியின் முதல் வேலை. சாஞ்சித் தூபியின் கல்வெட்டுகளில் கொடை கொடுத்தவர்களாகப் பிக்குகளும் பிக்குணிகளும் பெயர் பெயராக வருகிறார்கள். பொருளைத் துறந்தவர்கள் கல்லுக்கும் வேலிக்கும் பொருள் கொடுத்தது எப்படி என்ற ஒரு கேள்வியை வைத்தே இரண்டாம் வகுப்பு முழுவதையும் அவர் நடத்தினார்.

மொழிபெயர்ப்பைப் பற்றிய இரண்டு வாரங்களே இந்தப் பாடநெறியின் சிகரம் என்பேன். கி.பி. 148 அளவில் லோயாங் நகருக்கு வந்த ஆன் ஷிகாவ் முதல், 406இல் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்தில் தந்த குமாரசீவர் வரை, பௌத்தத்தின் கலைச்சொற்களுக்குச் சீனத்தில் எப்படி இடம் தேடினார்கள் என்பதைச் சொல் சொல்லாகக் காட்டினார். தொடக்ககால மொழிபெயர்ப்பாளர்கள் நிர்வாணம் என்பதற்கு, சீனத்துப் பழைய தாவோ ஞானியான லாவோசியின் மரபில் 'செயலற்றிருத்தல்' என்று பொருள்படும் 'வூவெய்' என்ற சொல்லைக் கையாண்டார்கள். படித்தவர்களுக்கு உடனே புரிந்தது. புரிந்தது லாவோசியா புத்தரா என்ற சிக்கலும் கூடவே வந்தது. துக்கம் என்பதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட எழுத்துக்குக் கசப்பு என்று பொருள். நாவில் படுகிற ஒரு சுவையை வாழ்க்கை முழுவதற்கும் பெயராக வைத்தவர்களின் துணிவை எண்ணி வியந்தேன்.

அன்றைய வாசிப்பில், ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றிப் பிறவித் துன்பம் தொடர்வதைச் சொல்லும் பன்னிரு சார்புகளின் ஆங்கிலப் பட்டியல் இருந்தது. மணிமேகலையின் முப்பதாம் காதையில் அந்தப் பன்னிரண்டும் தமிழிலேயே இருக்கின்றனவே என்று நான் எழுந்து சொன்னேன். ஆசிரியர் கையிலிருந்த சுண்ணக்கட்டியை என்னிடம் கொடுத்து எழுதச் சொன்னார். பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன் என்று நான் எழுத, பக்கத்தில் அவர் சீனச் சொற்களை எழுதி ஒவ்வொன்றுக்கும் நேர்ப்பொருள் சொன்னார். நாம் பேதைமை என்பதை அவர்கள் ஒளியின்மை என்கிறார்கள். நாம் வேட்கை என்பதற்கு அவர்கள் போட்ட எழுத்து அன்புக்கும் ஆசைக்கும் பொதுவானது. 'நாமரூபம்' என்ற வடசொல்லைச் சீனர் 'பெயரும் வடிவும்' என்று எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்த்திருக்கிறார்கள். அந்த இரண்டாம் எழுத்துக்கு நிறம் என்ற பொருளும் உண்டு. சாத்தனாரோ பெயர் என்ற சொல்லையே விட்டுவிட்டு, உருவமில்லாததும் உருவமுள்ளதும் என்று பொருள்பட 'அருவுரு' என்கிறார். சொல்லை விட்டுக் கருத்தைப் பிடித்த மொழிபெயர்ப்பு அது. பன்னிரண்டாவது இடத்தில் சீனப் பட்டியல் முதுமையும் சாவும் என்று முடிய, தமிழ்ப் பட்டியல் வினைப்பயன் என்று முடிகிறது. மூப்பும் பிணியும் சாக்காடும் அந்தக் காதையிலேயே விளக்கமாக வருகின்றன. இந்த ஒரு வேறுபாட்டின் மேல் மட்டும் அரை மணி நேரம் விவாதம் நடந்தது. இத்தனை ஆண்டு நடத்திய நூலின் ஒரு வரியை, சீனச் சொற்களின் அருகே வைத்துப் பார்த்தபோதுதான் நான் முதன்முறையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும்.

இதிலேயே என் முதல் குறையும் இருக்கிறது. வகுப்பில் அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர், மற்றவர்கள் மலையாளிகள். கொடுக்கப்பட்ட ஜெராக்ஸ் வாசிப்புத் தொகுப்பில் தமிழ்ப் பக்கம் ஒன்றுகூட இல்லை. உ.வே.சாமிநாதையர் 1898இல் பதிப்பித்து வெளியிட்ட காலம் முதல் மணிமேகலை எல்லார் கைக்கும் எட்டும் நூல். அதன் இருபத்தொன்பதாம் காதை பௌத்த அளவையியலை ஏரணப் பாடமாகவே வைத்திருக்கிறது. போதிசத்துவரான அவலோகிதரிடம் அகத்தியர் தமிழ் கேட்டார் என்று சொல்லும் வீரசோழியம், வீரராசேந்திரன் காலத்துப் பௌத்தரான புத்தமித்திரர் செய்த இலக்கணம். இவை தொகுப்பில் இருந்திருந்தால், ஒரு மாணவன் எழுந்து சொல்லும் தற்செயலை நம்பி அந்த வகுப்பு இருந்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். தொகுப்பு பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு நகரத்து மாணவர்களுக்காகச் செய்யப்பட்டது என்று ஒப்புக்கொண்டார்; மறுவாரமே முப்பதாம் காதையின் பிரதியை எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தார்.

போதிதருமர் வகுப்புக்கு அன்று வழக்கத்தைவிடக் கூட்டம் அதிகம். திரைப்படம் ஒன்று வந்த பிறகு அவரைக் காஞ்சிபுரத்துத் தமிழர் என்றும், சீனர்களுக்குப் போர்க்கலையும் மருத்துவமும் கற்றுக்கொடுத்தவர் என்றும் நம் பிள்ளைகள் உறுதியாக நம்புகிறார்கள். ஆசிரியர் அந்த நம்பிக்கையை ஏளனம் செய்யவில்லை. சான்றுகளைக் கால வரிசையில் அடுக்கினார். 547 அளவில் லோயாங் மடங்களைப் பற்றி எழுதப்பட்ட நூல், அவரைப் பாரசீகத்திலிருந்து வந்தவர் என்கிறது. அவருடைய மாணவர் வட்டத்தைச் சார்ந்த தான்லின் என்பவர், அவரைத் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாம் மகன் என்கிறார். காஞ்சி என்ற ஊர்ப்பெயர் பிற்கால மரபில் வருவது. ஷாவ்லின் போர்க்கலையோடு அவரை இணைக்கும் நூல் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஒவ்வொரு தலைமுறையும் தனக்கு வேண்டிய போதிதருமரை எப்படி ஆக்கிக்கொண்டது என்பதே பாடம் என்றார். பின்வரிசையில் இருந்த இரண்டு மூன்று தம்பிகள் முகம் வாடிப்போனார்கள். நான் ஆசிரியரின் பக்கம்தான். பெருமைக்காகச் சான்றை வளைத்துப் பழகிவிட்டால், சான்று உறுதியாக உள்ள இடத்திலும் நம்மை யாரும் நம்ப மாட்டார்கள்.

அந்த உறுதியான இடத்தையும் அவரே காட்டினார். பல்லவ அரசனின் ஆதரவைப் பெற்றுத் தென்னாட்டிலிருந்து கடல்வழியாகச் சென்று, 720 அளவில் சீனத் தலைநகரை அடைந்து, 741இல் மறைந்த வச்சிரபோதி. அவருடைய மாணவர் அமோகவச்சிரர். அவருடைய மாணவர் ஹுய்குவோ. 804இல் சீனாவுக்கு வந்து ஹுய்குவோவிடம் கற்று 806இல் ஜப்பானுக்குத் திரும்பிய ஜப்பானியத் துறவி கூக்காய். இன்றும் ஜப்பானில் உயிரோடு இருக்கும் ஷிங்கோன் மரபு இந்த ஆசிரிய வரிசையைத் தன் வழிபாட்டில் நினைவுகூர்கிறது. இப்பெயர்களை நம்மில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம்? யுவான் சுவாங் என்று நாம் படித்த சீனப் பயணி சுவான்சாங் தம் பயண நூலில், மலய மலையை அடுத்துள்ள போதலகம் என்ற குன்றை அவலோகிதேசுவரரின் இருப்பிடமாகக் குறிப்பிடுகிறார். அதைப் பொதிகையோடு இணைத்துக் காணும் ஆய்வாளர்களும் உண்டு. எந்தக் குன்றாக இருந்தாலும், அது எங்கள் மேற்கு மலைத்தொடரின் தெற்குப் பகுதியைச் சேர்ந்தது. அதே பெயர்தான் சீனத்துச் செஜியாங் கடற்கரைத் தீவில் பூத்துவோ என்றும், லாசாவில் போதலா என்றும் நிற்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சன்னல் வழியே வீசிக்கொண்டிருந்த அந்த மதியத்தில், ஒரு மலையின் பெயர் இவ்வளவு தூரம் நடந்து போயிருக்கிறதே என்ற எண்ணம் வீடு வந்து சேரும் வரை என்னை விடவில்லை.

சீனரின் பேய்த் திருவிழாவைப் பற்றிய வகுப்பையும் தனியாகச் சொல்ல வேண்டும். பெற்றோரையும் குலத்தையும் விட்டு மொட்டையடித்துக்கொண்டு போகிறவன் நன்மகன் ஆவானா என்பது சீனர் பௌத்தத்தின் மீது வைத்த பெரிய குற்றச்சாட்டு. அதற்குப் பௌத்தர்கள் சொன்ன விடைகளில் ஒன்று முலியன் கதை. புத்தரின் சீடரான மௌத்கல்யாயனரே சீனத்தில் முலியன். இறந்துபோய்ப் பசியால் வாடும் தாய்க்கு அவர் தாமே சோறு கொண்டுபோகிறார். அது வாயருகே நெருப்பாகிவிடுகிறது. ஏழாம் மாதத்துப் பதினைந்தாம் நாளில் சங்கத்துக்கு உணவளித்தால் அதன் புண்ணியம் தாயைச் சேரும் என்று புத்தர் வழி சொல்கிறார். இதுவே ஜப்பானில் ஓபோன் விழாவானது. கதை முடிந்ததும் என் பக்கத்தில் இருந்த மலையாள மாணவி, "மாஷே, இது நம்ம வாவுபலிதானே?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் ஆடி அமாவாசைதான் நினைவுக்கு வந்திருந்தது. மலையாளிகள் முன்னோருக்குப் பலியிடும் கர்க்கடக வாவும் அந்த நாள்தானே. ஆசிரியர் காதில் அது விழுந்தது. ஒன்றுதான் என்றும் வேறு என்றும் அவர் சொல்லவில்லை. யார் கொடுக்கிறார்கள், யார் கையில் கொடுக்கிறார்கள், யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதினார். நம் வழக்கில் மகன் பிதிரருக்கு நேரே பிண்டம் வைக்கிறான். முலியன் கதையில் நேரே கொடுத்தது தீய்ந்துபோகிறது. சங்கம் இடையில் வந்த பிறகே தாயின் பசி தீர்கிறது. துறவியை வீட்டுக்கு வேண்டாதவனாக்கிய குற்றச்சாட்டுக்கு, துறவி இல்லாமல் வீட்டின் கடனே தீராது என்ற விடையைக் கதை தருகிறது. ஒப்புமையை அனுமதித்து, அதன் வழியாகவே வேறுபாட்டுக்கு அழைத்துப்போகும் இந்த முறையை நான் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே கற்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜப்பானியப் பகுதி நிறைவாக இருந்தது. ஜப்பானின் தொல்சமயமான சிந்தோவின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டுகிறார்கள், கடைசியாக 2013இல் கட்டினார்கள் என்று சொல்லி, அந்தக் கோயிலின் வயது என்ன என்று கேட்டார். 1868இல் மெய்ஜி அரசு, நூற்றாண்டுக் கணக்காகக் கலந்து நின்ற கோயில்களிலிருந்து புத்தரையும், கமி எனப்படும் சிந்தோ தெய்வங்களையும் ஆணையிட்டுப் பிரித்ததை விளக்கினார். ஜப்பானிய அரசின் கணக்கில் சிந்தோவையும் பௌத்தத்தையும் சார்ந்தவர்களைக் கூட்டினால் நாட்டின் மக்கள்தொகையைவிட அதிகமாக வந்துவிடுகிறது என்ற செய்தி, மதம் என்ற சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கிழக்காசிய மொழிகளில் மதத்துக்கு இன்று வழங்கும் சொல், மேலை நாட்டு ஒப்பந்தங்களை மொழிபெயர்க்கும் தேவையால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தப் பொருளில் நிலைபெற்றது. நம்மிடம் சமயம், மதம், நெறி என்று மூன்று சொற்கள் இருந்தும், மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் படிவம் ஒரு கட்டத்தைத்தான் தருகிறது.

சீனத்துத் தாவோ மரபு இதற்கு நேர்மாறாக நடத்தப்பட்டது. இரண்டு வாரமும் லாவோசி, சுவாங்சி ஆகியோரின் தத்துவத்திலேயே போய்விட்டன. 142இல் சாங் தாவ்லிங் தொடங்கிய வானாசான் மரபு என்ற தாவோ சமய அமைப்பு ஒரு வரியில் முடிந்தது. சடங்கு செய்யும் பூசகர்கள், ஊர்க் கோயில்கள், கடலோடிகளைக் காக்கும் மாசூ தெய்வம் எதற்கும் இடமில்லை. பௌத்தத்தைச் செயலிலிருந்து தொடங்கிய ஆசிரியர், தாவோவை மட்டும் ஏன் பழைய முறையில் நூலுக்குள்ளேயே வைத்துவிட்டார் என்று எனக்கு விளங்கவில்லை. கொரியாவும் அப்படியே. 372இல் கொரியாவின் பழைய அரசான கோகுர்யோவில் பௌத்தம் நுழைந்தது, ஹேயின்சாவில் 81,258 பலகைகள் இருக்கின்றன என்ற செய்திகள் பத்து நிமிடத்தில் கடந்துபோயின. முதல் நாள் காட்டிய படத்துக்குத் திரும்பி வருவார் என்று நான் காத்திருந்தது வீணாயிற்று. வியட்நாம் பாடத்திட்டத்திலேயே இல்லை.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது கடைசி வாரம். நிருவாகத்தின் விடுமுறை மாற்றத்தால் கடைசி இரண்டு வகுப்புகளை ஒன்றாக்கிவிட்டார்கள். அதில் பலியானது இக்காலப் பௌத்தம். அயோத்திதாசர் 1898இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியதும், 1907 முதல் இதழ் நடத்தி நம் ஊர்த் திருநாள்களுக்கும் சொற்களுக்கும் பௌத்த வரலாறு தேடியதும், 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பல்லாயிரவரோடு தீட்சை பெற்றதும், 1966இல் தைவானில் ஒரு பிக்குணி தொடங்கிய சூச்சி அறநிறுவனம் மருத்துவமனைகள் நடத்துமளவு வளர்ந்ததும் ஒரே மணி நேரத்தில் அடக்கப்பட்டன. பௌத்தர்கள் இப்போது எங்கே என்ற கேள்வியோடு வந்தவனுக்கு அந்த ஒரு மணி நேரம் போதவில்லை. பாடத்திட்டத்தில் அச்சிட்டிருந்த, பழைய புத்தர் சிலை இருக்கும் கேரளத்துக் கருமாடிக்கான பயணமும் வண்டி வாடகையைக் காரணம் காட்டிக் கைவிடப்பட்டது. கட்டணத்தைக் குறைக்கவும் இல்லை, விளக்கக் கடிதம் தரவும் இல்லை. சான்றிதழ் இன்னும் வரவில்லை. கல்லூரி அலுவலகம் இந்த மூன்றையும் சரிசெய்ய வேண்டும்.

மதிப்பீட்டு முறையில் எனக்கு முழு நிறைவு. மனப்பாடத் தேர்வு கிடையாது. ஒரு மூலப் பகுதிக்கு உரை, ஒரு கட்டுரை, மூன்று நேர்க்காட்சிக் குறிப்புகள். ஏதாவதொரு வழிபாட்டிடத்தில் ஒரு மணி நேரம் இருந்து, 'நம்பிக்கை' என்ற சொல்லையே பயன்படுத்தாமல், கண்டதையும் கேட்டதையும் மட்டும் எழுத வேண்டும். சிறு வயது முதல் போய்வரும் எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் நின்று எழுதினேன். எழுதத் தொடங்கிய பிறகுதான், விளக்குக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்கள் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை என்பதையும், பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிறவர்கள் பேசிக்கொண்டே இருக்கிறார்கள் என்பதையும் கவனித்தேன். ஒவ்வொரு குறிப்பின் ஓரத்திலும் ஆசிரியர் தம் கைப்பட எழுதித் தந்தார். முதலில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று இருந்தது. நாங்கள் சிலர் கேட்டுக்கொண்ட பிறகு தமிழிலும் மலையாளத்திலும் எழுத இசைவு கிடைத்தது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஐயம் கேட்டால் இரு மொழிகளிலும் விடை வரும்.

பாடநெறி முடிந்த மாதத்தில், வகுப்பில் உடன் படித்த இருவரோடு நானே கருமாடிக்குப் போனேன். அம்பலப்புழையில் இறங்கிக் கிழக்கே போக வேண்டும். கால்வாயை ஒட்டிய சிறு மண்டபத்துக்குள், ஒரு பக்கம் சிதைந்துபோன கருங்கல் புத்தர் அமர்ந்திருக்கிறார். ஊர் மக்கள் அவரைக் கருமாடிக்குட்டன் என்று பிள்ளையைப் போலக் கூப்பிடுகிறார்கள். மூவரும் ஆளுக்கொரு தாளை எடுத்துக்கொண்டு தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் எழுதினோம்.

அடுத்த தொகுதியில் சேருகிறவர்கள், தங்கள் வீட்டு மணிமேகலைப் பிரதியை, மொழிபெயர்ப்பு வகுப்பு வரும் ஐந்தாவது வாரத்துக்குத் தவறாமல் கொண்டுபோகவும்.